சொந்த விமானத்தில் வந்தாலும் சுங்க வாசல் உண்டு!

ஜூஹு கடற்கரைக்குப் பின்னால் ஒரு விமானத்தளம் இருப்பது மும்பைத் தமிழர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் குழந்தை குட்டிகளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள், ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல் தாழப் பறந்து அங்கே இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். நடுக்கடலில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்கிறவர்களை ஏற்றி இறக்குவது அந்த ஹெலிகாப்டர்களின் முக்கிய வேலை. சிறிய விமானங்களும் அங்கே வந்து போகின்றன.

ஒரு பெரும் பணக்காரர் மஸ்கட்டிலிருந்து தமது சொந்த விமானத்தில் மும்பைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பங்களா ஜூஹுவில் இருக்கிறது. விமானமோ சிறியது, ஜூஹு ஓடுபாதை அதற்குத் தாராளம். நேராக அங்கே இறங்கி, பத்தே நிமிடத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் அல்லவா?

முடியாது! கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெரிய விமான நிலையத்தில்தான் அவர் முதலில் இறங்க வேண்டும். சுங்க அதிகாரி விமானத்தையும் பெட்டிகளையும் பார்க்க வேண்டும். இமிக்ரேஷன் அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த வேண்டும். துபாயில் கொத்து வேலை செய்துவிட்டு இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பும் தொழிலாளி எந்த வாசல் வழியாக வருகிறாரோ, சொந்த விமானக்காரரும் சட்டப்படி அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். வரிசை சற்றுக் குறைவாக இருக்கலாம். வாசல் ஒன்றே.

எல்லை இல்லாத காலம்

இந்தக் கட்டுப்பாடு விமானங்களோடு கூடப் பிறந்ததல்ல. ஜூஹு விமானத்தளம் 1928-ல் ஏற்பட்டது. 1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து 'பஸ் மாத்' என்ற ஒற்றை என்ஜின் விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பி, ஆமதாபாத் வழியாக ஜூஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு போனார். டாட்டாவின் விமானத் தபால் சேவை அப்படித்தான் பிறந்தது.

அப்போது கராச்சிக்கும் பம்பாய்க்கும் நடுவில் எல்லை கிடையாது. இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. விமானி எங்கே இறங்கினால் யார் கேட்கப் போகிறார்கள்?

சரியாக 50 ஆண்டுகளுக்குப் பிறகு, 1982-ல் அதே அக்டோபர் 15-ந் தேதி, 78 வயதில் டாட்டா மறுபடியும் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு பழைய சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். காற்றும் கடலும் பாலைவனமும் மாறவில்லை. ஆனால் கராச்சி இப்போது வேறு நாடு. 1932-ல் ஊர் விட்டு ஊர் வந்த பயணம், 1982-ல் நாடு விட்டு நாடு வரும் பயணமாகிவிட்டது!

தெற்கிலும் இப்படி ஒரு கதை உண்டு. கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக வந்து இறங்கிய விமானம் சென்னையிலிருந்து போனதுதான். 1935 நவம்பர் 27-ந் தேதி, மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ அதை ஓட்டிச் சென்றார். இன்று சென்னையிலிருந்து ஒரு சிறு விமானம் இலங்கைக்குப் போக வேண்டுமானால், அங்கே எந்த நிலையம் வெளிநாட்டு விமானத்தை ஏற்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துப் பலாலி நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டதே 2019 அக்டோபரில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, எந்தெந்த விமான நிலையங்கள் 'சுங்க விமான நிலையங்கள்' என்று அரசு அறிவிக்கிறது. 29-வது பிரிவுப்படி, வெளிநாட்டிலிருந்து வரும் எந்த விமானமும் முதன்முதலில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில்தான் இறங்க வேண்டும். இருநூறு பேர் உட்காரும் ஜெட் விமானமா, இரண்டு பேர் உட்காரும் பொம்மை மாதிரியான விமானமா என்ற பேதம் கிடையாது.

ஓடுபாதை நீளமாக இருப்பதாலோ, ஊர் பெரியதாக இருப்பதாலோ ஒரு நிலையம் சுங்க நிலையமாகிவிடாது. அறிவிப்பு வர வேண்டும். அதற்கு முன்னால் சுங்க அதிகாரிகள் உட்கார இடம், சோதனை மேஜை, பறிமுதல் செய்த பொருளைப் பூட்டி வைக்க அறை எல்லாம் வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கியது 2012-ல். அப்போது மதுரைக்குக் கிடைத்திருந்தது 'சுங்க விமான நிலையம்' என்ற தகுதிதான். 'சர்வதேச விமான நிலையம்' என்ற பட்டம் அல்ல. வெளிநாட்டு விமானம் வந்து இறங்க முதல் தகுதியே போதும். பட்டம் வேறு, வாசல் வேறு!

உலகத்துக்கே பொதுவான விதியும் இதுதான். இரண்டாவது உலகப்போர் முடியும் முன்பே, 1944 டிசம்பரில் அமெரிக்காவில் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஒரு விமான ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் 10-வது விதி: ஒரு நாட்டுக்குள் வரும் விமானம், அந்த நாடு கேட்டுக்கொண்டால், சோதனைக்காகக் குறிக்கப்பட்ட விமான நிலையத்தில் இறங்கியாக வேண்டும், போகும்போதும் அப்படிப்பட்ட நிலையத்திலிருந்தே கிளம்ப வேண்டும். அதே ஒப்பந்தத்தின் 24-வது விதி ஒரு சலுகையும் தருகிறது. தற்காலிகமாக வரும் விமானத்துக்கும், அதன் டாங்கில் இருக்கும் எண்ணெய்க்கும், கூட வரும் உதிரிப் பாகங்களுக்கும் இறக்குமதி வரி கேட்கக்கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு நாட்டிலும் விமானத்தின் விலையில் ஒரு பங்கை வரியாகக் கட்டிவிட்டல்லவா பறக்க வேண்டும்!

அதிகாரி இருப்பாரா?

சரி, ஒரு நாட்டில் பல சுங்க நிலையங்கள் இருக்கின்றன. சொந்த விமானக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பது? கிட்டத்தில் இருப்பதையா? போக வேண்டிய ஊருக்குப் பக்கத்தில் இருப்பதையா?

அனுபவப்பட்ட விமானிகள் முதலில் பார்ப்பது இரண்டையும் அல்ல. தாம் போய்ச் சேரும் நேரத்தில் அங்கே அதிகாரி இருப்பாரா என்பதைத்தான்!

பெரிய நிலையங்களில் இரவு பகல் எந்நேரமும் ஆள் உண்டு. ஆனால் அங்கே சிறு விமானத்துக்கு மதிப்பில்லை. இறங்க நேரம் ஒதுக்கி வாங்க வேண்டும், நிறுத்த இடம் கிடைக்காது, கட்டணமும் அதிகம். சிறிய நிலையங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே காலையில் ஒரு வெளிநாட்டு விமானமும் மாலையில் ஒன்றும் வரும். அந்த நேரத்துக்குத்தான் அதிகாரிகள் வருவார்கள். நடுப்பகலில் போய் இறங்கினால், பூட்டிய அறைக்கு முன்னால் காத்திருக்க வேண்டியதுதான். அலுவலக நேரத்துக்கு வெளியே வேலை வாங்கினால், அதற்கென்று கட்டணம் கட்ட வேண்டும். 1998-ம் ஆண்டு விதிகளின்படி நமது சுங்கத்துறையிலும் இந்தக் கட்டணம் உண்டு. துறைமுகத்திலும் கிளியரிங் ஆபீசிலும் வேலை பார்க்கும் குமாஸ்தாக்களுக்கு இந்த ஓவர்டைம் கணக்கு புதிதல்ல.

எனவே முன்கூட்டித் தகவல் கொடுப்பதே பாதி வேலை. நாட்டுக்கு நாடு இந்தக் கெடு மாறும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், சொந்த விமானத்தில் வருகிறவர்களும் போகிறவர்களும் கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன் பயணிகள் விவரத்தை அனுப்பிவிட வேண்டும். அமெரிக்காவில் 2009 முதல், கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே விமானத்தில் உள்ள அத்தனை பேருடைய விவரமும் கம்ப்யூட்டர் மூலம் போய்ச் சேர வேண்டும். சுங்கக் கட்டணம் கட்டியதற்கு அடையாளமாக வருடத்துக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கி விமானத்தில் ஒட்டிக்கொள்ளவும் வேண்டும்.

கனடாவில் வழக்கம் வேறு. சொந்த விமானக்காரர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு ஒரு குறிப்பிட்ட நம்பருக்குப் போன் செய்து, எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு இறங்கப் போகிறார், கூட யார் யார் என்பதைச் சொல்கிறார். இறங்கியதும் மறுபடி போன் செய்கிறார். அதிகாரி வந்தால் சோதனை. வரப்போவதில்லை என்றால், போனிலேயே ஒரு எண்ணைக் கொடுத்து 'போகலாம்' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்ணை விமானி பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சில சிறிய நிலையங்களுக்கு 'இத்தனை பேர் வரும் விமானம் மட்டும்' என்று ஆள் கணக்கு வரம்பும் உண்டு. 15 பேர் வரம்புள்ள நிலையத்தில் 20 பேரோடு போய் இறங்க முடியாது.

தெற்கு எல்லையில் கெடுபிடி

அமெரிக்காவின் வடக்கு எல்லைக்கும் தெற்கு எல்லைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மெக்சிகோவிலிருந்தோ, கரீபியன் தீவுகளிலிருந்தோ, தென் அமெரிக்காவிலிருந்தோ வரும் சிறு விமானம் தனக்குப் பிடித்த சுங்க நிலையத்துக்குப் போக முடியாது. எல்லையை எந்த இடத்தில் கடக்கிறதோ, அதற்கு மிக அருகில் உள்ள, பட்டியலில் குறித்த நிலையத்தில்தான் இறங்க வேண்டும். பிரவுன்ஸ்வில், லரேடோ, எல் பாசோ, கீ வெஸ்ட், போர்ட் லாடர்டேல் என்று அந்தப் பட்டியல் போகிறது. எல்லையைக் கடக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே தகவலும் தர வேண்டும். தனி அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டுமே விலக்கு.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் கொக்கேயின் கடத்தல். 1970-களின் இறுதியில், கார்லோஸ் லேடர் என்ற கொலம்பியாக்காரர் பகாமாஸ் நாட்டில் நார்மன்ஸ் கே என்ற சின்னஞ்சிறு தீவில் புகுந்து, அங்கிருந்த ஓடுபாதையைத் தன் வசமாக்கிக்கொண்டார். கொலம்பியாவிலிருந்து சரக்கு அங்கே வரும். அங்கிருந்து சிறு விமானங்களில் புளோரிடாவுக்கும் மற்ற இடங்களுக்கும் போகும். ஆள் நடமாட்டம் இல்லாத ஓடுபாதைகளில் இறங்கி, மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு மறைந்துவிடுவார்கள். லேடரை 1987-ல் கொலம்பியா பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. ஆனால் கடத்தல்காரன் செய்த காரியத்துக்கு, விடுமுறைக்குத் தீவுக்குப் போய் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும் சாதாரண டாக்டரும் வக்கீலும் இன்றைக்கும் அருகில் உள்ள நிலையத்தில் இறங்கிப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இரண்டு வாசல்

ஐரோப்பாவில் குழப்பம் வேறு மாதிரி. அங்கே சுங்கம் ஒரு கணக்கு, பாஸ்போர்ட் இன்னொரு கணக்கு. ஸ்விட்சர்லாந்துக்குப் பக்கத்து நாடுகளிலிருந்து போனால் பாஸ்போர்ட் சோதனை கிடையாது. ஆனால் அந்த நாடு ஐரோப்பிய சுங்கக் கூட்டில் சேரவில்லை. ஆகவே சுங்கச் சோதனை உண்டு. அயர்லாந்துக்கு இது நேர் எதிர். பிரான்சிலிருந்து அங்கே போனால் சுங்க எல்லை கிடையாது. பாஸ்போர்ட் காட்டியாக வேண்டும். ஒரே நாளில் மூன்று நாடுகளில் இறங்கும் விமானி, எந்த நிலையத்தில் எந்த அதிகாரி இருக்கிறார் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 'சுங்க நிலையம்தானே' என்று நம்பிப் போய், பாஸ்போர்ட் அதிகாரி இல்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டிலிருந்து விலகியதும் சிறு விமானக்காரர்கள்தான் அதிகம் நொந்துகொண்டார்கள். 2020 டிசம்பர் 31 வரை பிரான்ஸ் போகும் இங்கிலாந்து விமானிக்குச் சுங்கக் கவலை இல்லை. 2021 பிறந்ததும் இரண்டு வாசலும் உள்ள நிலையத்தைத் தேட வேண்டியதாகிவிட்டது.

பெட்ரோல் உண்டா?

அதிகாரி இருந்தால் மட்டும் போதுமா? விமானத்துக்கு எண்ணெய் வேண்டாமா?

இந்தியாவுக்கு வரும் சிறு விமானிகளுக்கு இதுதான் பெரிய தலைவலி. ஜெட் விமானங்கள் குடிப்பது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருள். அது எல்லாப் பெரிய நிலையங்களிலும் கிடைக்கும். ஆனால் நான்கு பேர் உட்காரும் செஸ்னா போன்ற பிஸ்டன் என்ஜின் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது 'ஏவ்கேஸ்' என்கிற தனி வகைப் பெட்ரோல். அது நம் நாட்டில் சில இடங்களில்தான் கிடைக்கும். வெகு காலம் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்தது.

ஆகவே சுங்க நிலையம் ஒரு ஊரில் இருக்கும். அங்கே ஏவ்கேஸ் இருக்காது. ஏவ்கேஸ் இருக்கும் பயிற்சித் தளம் இன்னொரு ஊரில் இருக்கும். அங்கே சுங்க அதிகாரி இருக்க மாட்டார். விமானி என்ன செய்வார்? முன்னதாகவே ஏஜெண்ட் மூலம் பீப்பாயில் பெட்ரோலைச் சுங்க நிலையத்துக்கு வரவழைத்து வைப்பார். அல்லது, சுங்கம் முடிந்த பின் அடுத்த தளத்துக்குப் போய்ச் சேரும் அளவுக்கு டாங்கில் மிச்சம் வைத்துக்கொண்டு வருவார். மஸ்கட்டிலிருந்து மும்பைக்கு சுமார் 1,600 கிலோமீட்டர், நடுவில் அரபிக்கடல். சாதாரணச் செஸ்னாவுக்கு இது கையை மீறிய தூரம். கூடுதல் டாங்க் பொருத்தாமல் வர முடியாது. கடலைக் கடந்து கரையைத் தொட்ட பிறகு, 'அடுத்த சுங்க நிலையம் இன்னும் 300 கிலோமீட்டர்' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவதாகும். அதனால்தான் வாசலைத் தேர்ந்தெடுக்கும் வேலை, கிளம்பும் ஊரிலேயே வரைபடத்தை மேஜையில் விரித்துவைத்து முடிக்க வேண்டிய வேலை. இந்தியாவுக்குள் வர விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியும், வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வேறு வேண்டும். ஆகாயத்தில் பறந்துகொண்டே மனத்தை மாற்றிக்கொள்வது எளிதல்ல.

மும்பைப் பெண் ஆரோஹி பண்டிட் 2019 மே மாதம் தன்னந்தனியாக ஒரு குட்டி விமானத்தில் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். ஸ்காட்லாந்தின் விக் என்ற ஊரிலிருந்து கிளம்பி, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவின் இக்காலூயிட் நகரில் இறங்கினார். இடையில் இறங்கிய ஊர்களைப் பார்த்தாலே தெரியும்: டாங்கின் அளவுதான் அங்கே பாதையைத் தீர்மானிக்கிறது. இக்காலூயிட் பனிப் பிரதேசத்தில் உள்ள சிறிய ஊர். ஆனால் வெளிநாட்டு விமானம் சட்டப்படி நுழையக்கூடிய நிலையம். அந்த வாசல் அங்கே இல்லாவிட்டால் இந்த மாதிரிப் பயணங்கள் நடப்பது கஷ்டம்.

வயலில் இறங்கிவிட்டால்?

இவ்வளவு கண்டிப்பான சட்டத்தில் இரக்கமே இல்லையா? உண்டு. என்ஜின் நின்றுவிட்டது, புயல் அடிக்கிறது, வேறு வழியில்லை என்றால், விமானி எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். விபத்து, மோசமான வானிலை, தவிர்க்க முடியாத காரணம் ஆகியவற்றுக்கு 29-வது பிரிவே விலக்கு அளிக்கிறது. ஆனால் இறங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது எழுதி வைத்திருக்கிறது.

உடனே பக்கத்தில் உள்ள சுங்க அதிகாரிக்கோ, போலீஸ் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ தகவல் சொல்ல வேண்டும். கேட்டால் விமானத்தின் லாக் புத்தகத்தைக் காட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட இறக்கக்கூடாது. பிரயாணிகளும் விமானியும் விமானத்தின் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. உடல்நலம், பாதுகாப்பு, உயிரையோ பொருளையோ காப்பாற்றுவது ஆகியவற்றுக்காக மட்டும் நகரலாம். ஆக, ஏதோ ஒரு கிராமத்து நெல் வயலில் வெளிநாட்டு விமானம் இறங்கிவிட்டால், அந்த ஊர்ச் சப்-இன்ஸ்பெக்டர்தான் அந்த நேரத்துக்குச் சுங்க வாசல்!

இந்த விலக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சுங்க நிலையத்தில் இறங்காவிட்டால் வழக்கு வருமே என்று பயந்து, தள்ளாடும் என்ஜினோடு இன்னும் அரை மணி நேரம் பறக்க நினைப்பது மனித சுபாவம். அப்படிப் பறக்க வேண்டியதில்லை என்று விமானிக்குத் தைரியம் சொல்வது அந்தச் சில வரிகள்தான்.

சுங்க வாசல் இல்லாத தளத்தில் வெளிநாட்டு விமானம் வந்து இறங்கிய வேடிக்கை மும்பையிலேயே நடந்திருக்கிறது. 1972 செப்டம்பர் 24-ந் தேதி, லண்டனிலிருந்து டோக்கியோ செல்லும் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஜெட் விமானம், சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜூஹுவில் இறங்கிவிட்டது! குட்டையான ஓடுபாதை அதற்குப் போதவில்லை. ஓடுபாதையைத் தாண்டி ஓடி உடைந்தது. சிலருக்குக் காயம், நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விமானம் அதன் பிறகு பறக்கவில்லை.

வாசல் வழியே வந்த வம்பு

வாசல் வழியாக வருகிறவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1995 டிசம்பர் 17-ந் தேதி இரவு, மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்துக் கிராமங்களில் வானத்திலிருந்து பாரசூட்டில் பெட்டிகள் விழுந்தன. திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான ஏ.கே.-47 துப்பாக்கிகள்! அவற்றைப் போட்ட அன்டோனோவ் ரக விமானம் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்ததல்ல. கராச்சியிலிருந்து வந்து, வாரணாசி விமான நிலையத்தில் எல்லோரையும் போல இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பியது. உள்ளே இருந்த ஆயுதங்கள் அங்கே பிடிபடவில்லை. தாய்லாந்து போய்விட்டுத் திரும்பும் வழியில் அது சென்னையிலும் இறங்கிப் புறப்பட்டது. அப்புறம்தான் நமது விமானப்படை அதை வழிமறித்து மும்பையில் இறக்கியது. கிம் டேவி என்ற பெயரில் வந்த டென்மார்க்காரர் விமான நிலையத்திலிருந்தே தப்பிவிட்டார். பீட்டர் பிளீச் என்ற ஆங்கிலேயரும் ஐந்து விமான ஊழியர்களும் சிறை சென்றார்கள். ஊழியர்கள் 2000-லும் பிளீச் 2004-லும் விடுதலையானார்கள்.

வாசலையே மதிக்காத ஒரு பையனும் உண்டு. 1987 மே 28-ந் தேதி, மத்தியாஸ் ரஸ்ட் என்ற 18 வயது ஜெர்மானியர், பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 'ஸ்டாக்ஹோம் போகிறேன்' என்று சொல்லிவிட்டு வாடகைச் செஸ்னாவில் கிளம்பி, சோவியத் எல்லையைத் தாண்டி, மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கினார்! சமாதானத்துக்காக வந்தேன் என்றார். ஜனங்கள் கூடிக் கையெழுத்து வாங்கினார்கள். கோர்ட்டு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1988 ஆகஸ்டில் விட்டுவிட்டார்கள். பதவி இழந்தவர்களோ பெரியவர்கள். ராணுவ மந்திரியும் வான் பாதுகாப்புத் தளபதியும் வீட்டுக்குப் போனார்கள்.

போகும்போதும் அப்படியே

வரும்போது அத்தனை விதியும் பார்த்துக்கொண்டு வந்தவர்கள், போகும்போது கோட்டை விடுவதுண்டு. இந்தியாவுக்குள் பத்து நாள் பல ஊர்களில் சுற்றிவிட்டு, கடைசி ஊரிலிருந்து அப்படியே நாட்டை விட்டுப் பறந்துவிட முடியாது. திரும்பவும் ஒரு சுங்க நிலையத்துக்கு வர வேண்டும். சுங்கச் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, அதிகாரி எழுத்து மூலம் உத்தரவு கொடுக்காமல் விமானம் கிளம்பக்கூடாது. வந்தபோது கணக்கில் காட்டிய சாமான் எல்லாம் இருக்கிறதா, கட்ட வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த உத்தரவு தருவார்கள். ஆகவே விவரமான விமானி, நாட்டுக்குள் நுழையும் வாசலைக் குறிக்கும்போதே, வெளியேறும் வாசலையும், அங்கே அதிகாரி உட்காரும் நேரத்தையும், பெட்ரோல் பீப்பாய் வந்து சேர வேண்டிய தேதியையும் அதே தாளில் குறித்துக்கொள்கிறார்.